எஸ்டேட் டவுன்ல ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காடி: வாங்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் செய்ய வேண்டியது எல்லாம், வரிசையா

நான் இருக்கிறது மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட். சுத்தி செம்பனை, அங்கங்க கொஞ்சம் பால்மரம். ஏழு வருஷமா என்கிட்ட ஒரு மஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கு, முதல் தலைமுறை, லைட்டு மேல எழும்புமே அந்த காடி. அத பாத்துட்டு இங்க நாலு தம்பிங்க இதே மாதிரி ரெண்டு சீட் காடி வாங்கினாங்க. ரெண்டு பேர் இன்னும் சந்தோஷமா ஓட்டுறாங்க, ரெண்டு பேர் ஒரு வருஷத்துக்குள்ள வித்துட்டாங்க. வித்தவங்க ரெண்டு பேருமே புக்கிங் காசு குடுத்துட்டுதான் எனக்கு போன் பண்ணாங்க, அதுக்கு மேல நான் என்ன சொல்றது.

அவங்க செஞ்ச தப்பு ஒண்ணேதான், காடிய முதல்ல வாங்கிட்டு மத்தத அப்புறம் பாத்துக்கலாம்னு போயிட்டாங்க. அதனால இங்க காடி வாங்குற பேச்சே அஞ்சாவது படியிலதான் வரும். வரிசைய மாத்தாம போங்க.

1. வீட்டுல இன்னொரு காடி இருக்கணும்

மைவியோ சாகாவோ எதுவோ ஒண்ணு, நாலு பேர் ஏறி போற காடி வீட்டுல இருக்கணும். ஆஸ்பத்திரிக்கு அவசரமா போகணும், தீபாவளிக்கு சாமான் வாங்கணும், பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துல விடணும், இதுக்கெல்லாம் ரெண்டு சீட் காடி ஆகாது. இன்னொரு காரணமும் இருக்கு, இது பழைய காடி, ஒரு சாமான் வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆகலாம், அந்த ரெண்டு வாரமும் நீங்க வேலைக்கு போயாகணும். வேற காடி இல்லன்னா அவசரத்துல ஏதோ ஒரு சாமான மாட்டி ஓட்டுவீங்க, அங்கதான் காடி கெட ஆரம்பிக்கும்.

சின்ன பிள்ள இருக்கிற வீடுன்னா இன்னும் யோசிக்கணும். 2020 ஜனவரிலேருந்து பிள்ளைங்களுக்கு சைல்ட் சீட் கட்டாயம். ரெண்டு சீட் காடில பின்னாடி சீட்டே கிடையாது, பக்கத்து சீட்டுக்கு முன்னாடி ஏர்பேக் இருந்தா பின்பக்கம் பாத்து வைக்கிற குழந்த சீட்ட அங்க வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடிச்சா நேரா குழந்த மேலதான் அடிக்கும்.

2. போர்ச்ச சரி பண்ணுங்க

நாலு பேர்ல மூணு பேர் இந்த படிய தாண்டிட்டுதான் போனாங்க. துணி கூரை வச்ச காடி நம்ம வெயில்லயும் மழையிலயும் வெளிய நின்னா, ரெண்டே வருஷத்துல கூரை தையல் பிரிஞ்சி, பின்னாடி இருக்கிற பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாயி, டேஷ்போர்டு வெடிச்சிடும். காடிக்கு குடுத்த காசு வீணா போயிடும்.

போர்ச்சுக்கு ஜிங்க் கூரை போதும், அழகெல்லாம் வேணாம். ஆனா மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு தரை, சிமெண்ட் போட்டே ஆகணும். வெறும் மண்ணுல நிறுத்தினா ராத்திரி பூரா ஈரம் மேல ஏறி காடி அடிய துரு புடிக்க வைக்கும், மேல பாத்தா பளபளன்னு இருக்கும், அடில ஓட்ட விழுந்திருக்கும். ரெண்டு சாரல், சாயங்கால மழ எந்த பக்கம் அடிக்குதுன்னு பாத்து அந்த பக்கம் கேன்வாஸ் தட்டி இறக்குங்க. மூணாவது மரம். ரம்புத்தான் மரத்துக்கு கீழ நிழல் நல்லாத்தான் இருக்கும், ஆனா காஞ்ச இலையும் பூவும் கூரை ஓரத்துல விழுந்து தண்ணி போற ஓட்டைய அடைச்சிடும். அந்த ஓட்டைய பத்தி கீழ தனியா எழுதியிருக்கேன், இந்த காடிய கொல்றதே அதுதான்.

காடி கவர் வாங்கி வெட்டவெளியில மூடி வச்சிக்கலாம்னு கேப்பாங்க. வேணாம். காத்து அடிக்கும்போது கவர் ஆடும், உள்ள இருக்கிற செம்மண் தூசி மணல் தாள் மாதிரி பெயிண்ட தேய்க்கும், மழ பேஞ்சா ஈரம் உள்ளயே நிக்கும்.

3. ஃபோர்மேன் யாருன்னு முடிவு பண்ணுங்க

காடி பாக்க போறதுக்கு முன்னாடியே உங்க ஊர்ல இருக்கிற ஃபோர்மேன்கிட்ட (காடி ரிப்பேர் பண்றவர்) போயி நேரா கேளுங்க, அண்ணே இந்த மாதிரி ஒரு காடி வாங்கலாம்னு இருக்கேன், நீங்க செய்வீங்களான்னு. இன்ஜின் வேல அவருக்கு பெரிய விஷயமில்ல. எம்எக்ஸ்-5 இன்ஜின் பழைய மஸ்டா 323, ஃபோர்ட் லேசர் இன்ஜினோட குடும்பம்தான், வயசான ஃபோர்மேன் எல்லாருக்கும் கை பழகியிருக்கும்.

அவருக்கு புதுசா இருக்கப் போறது பின் சக்கரம் இழுக்கிற அமைப்பு. கியர் பாக்ஸையும் பின்னாடி டிஃபரென்ஷியலையும் சேத்து நீளமா ஒரு அலுமினிய சட்டம் அடில ஓடும். நடுவுல நல்லா கெட்டியா தெரியுதேன்னு அதுல ஜாக் குடுத்து தூக்கிடுவாங்க. தூக்கவே கூடாது, வளைஞ்சிடும். இத முதல் நாளே வாயால சொல்லிடுங்க, கோபிச்சிக்க மாட்டாங்க. சாமானுக்கு ஈப்போ பக்கம் இருக்கிற ஹாஃப்கட் கடைங்க (பழைய காடிய வெட்டி சாமான் விக்கிறவங்க) ரெண்டு மூணோட போன் நம்பர் கையில வச்சிக்கோங்க, அதுவும் காடிக்கு முன்னாடியே.

4. காச மூணா பிரிங்க

கையில 30,000 வெள்ளி இருக்குன்னு வைங்க. காடிக்கு 20,000, மொத மாச வேலைக்கு 5,000, தொடாம வைக்க 5,000. என் கணக்கு இதுதான், நாலு பேர்கிட்டயும் இததான் சொன்னேன். 30,000 வெள்ளிக்கு காடி வாங்கிட்டு மீதிய சம்பளத்துல பாத்துக்கலாம்னா டைமிங் பெல்ட் மாத்தாம ஓட்டுவீங்க, டயர் மாத்தாம ஓட்டுவீங்க.

பழைய காடிக்கு பேங்க் லோன் கெடைக்கிறது கஷ்டம், காடி வயச பாப்பாங்க. கடன் வாங்கியாவது வாங்கணும்னு தோணுச்சுன்னா இன்னும் ஒரு வருஷம் சேத்துட்டு வாங்குங்க, இந்த காடிங்க எங்கயும் ஓடிப் போகாது.

இன்சூரன்ஸ் இப்பவே விசாரிங்க. நெறைய கம்பெனி பழைய காடிக்கு ஃபுல் கவர் குடுக்க யோசிக்கும், சிலது காடிய நேர்ல பாக்கணும்னு சொல்லும், மூணாம் தரப்பு கவர் மட்டும்தான்னு சிலது சொல்லும். உங்க தினசரி காடில இருக்கிற 55 சதவீத என்சிடி (கிளெய்ம் பண்ணாததுக்கு இன்சூரன்ஸ்ல கெடைக்கிற கழிவு) அந்த காடியோடதான், ரெண்டாவது காடி பூஜ்யத்துலேருந்துதான் ஆரம்பிக்கும், இது தெரியாம விலைய பாத்து அதிர்ச்சி ஆனவங்க உண்டு. வெள்ளத்துக்கு தனியா சேத்து எடுக்கணும், சாதாரண கவர்ல அது வராது. தாழ்வான காடி, சேத்துடுங்க.

5. எந்த காடி

நம்ம பட்ஜெட்டுக்கு வர்றது சுத்தி சுத்தி மூணுதான்.

எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை 1989லேருந்து 1997 வரைக்கும், ரெண்டாவது 1998லேருந்து 2005 வரைக்கும். முன்னாடி இன்ஜின், பின்னாடி இழுப்பு, எட சுமார் ஒரு டன்னுதான். எளிமையான காடி, திறந்து பாத்தாலே புரியும், எஸ்டேட் டவுனுக்கு நான் சொல்றது இதத்தான்.

டொயோட்டா எம்ஆர்-எஸ், 1999லேருந்து 2007 வரைக்கும் வந்தது. இன்ஜின் சீட்டுக்கு பின்னாடி இருக்கும், டைமிங் பெல்ட்டு கிடையாது, செயின். ஆனா ஆரம்ப வருஷத்து காடிங்கள்ல இன்ஜின் ஆயில் குடிக்கிற வியாதி உண்டு, ஆயில் குறைய குறைய ஊத்தாம விட்டவங்க இன்ஜினையே மாத்த வேண்டி வந்திருக்கு. பூட்டுன்னு (சாமான் வைக்கிற டிக்கி) ஒண்ணு கிடையாது, சீட்டுக்கு பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கும், அவ்வளவுதான்.

டைஹாட்சு கோப்பன், முதல் தலைமுறை 659 சிசி டர்போ, முன் சக்கர இழுப்பு. கூரை பட்டன அமுக்கினா தானா மடிஞ்சி பூட்டுக்குள்ள போற அலுமினிய கூரை, அதனால மழைக்கு நல்லது, ஆனா கூரைய மடக்கினா பூட்டுல ஒண்ணும் வைக்க முடியாது. உயரமான ஆளுன்னா உக்காந்து பாக்காம வாங்காதீங்க.

ரோடு டேக்ஸ் தீபகற்பத்துல சிசி கணக்கு: கோப்பனுக்கு வருஷம் 20 வெள்ளி, எம்எக்ஸ்-5 1.6க்கு 90, எம்ஆர்-எஸ்ஸுக்கு 277.60, எம்எக்ஸ்-5 1.8க்கு 299.50. 1.6ம் 1.8ம் பக்கத்துல பக்கத்துல நின்னா நம்ம ஊர் ரோட்டுல பெரிய வித்தியாசம் தெரியாது, எனக்கு 1.6 போதும்.

வீட்டுக்காரம்மாவையோ அம்மாவையோ ஒரு தடவ உக்கார வச்சி பாருங்க. முட்டி வலி இருக்கிறவங்க கால உள்ள விட்டுட்டு உக்கார பாத்தா கஷ்டப்படுவாங்க. முதல்ல சீட்டுல உக்காந்து, அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள திருப்பணும், எறங்கும்போது அதே மாதிரி மாத்தி.

6. காடி பாக்க போற நாள்

மழ பேஞ்ச மறுநாள் காலைல போங்க, போறப்போ ஒரு டார்ச் லைட்டு, சின்ன காந்தம், பழைய துணி எடுத்துக்கோங்க. வர்றதா சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாடியே போயி முதல்ல போனட் மேல கை வைங்க. சூடா இருந்தா முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க, குளிர் இன்ஜின் போடுற சத்தம் உங்களுக்கு கேக்காது.

இனிமே சொல்றது பெரும்பாலும் எம்எக்ஸ்-5 கணக்கு. துருதான் முதல். எம்எக்ஸ்-5ல கதவுக்கு கீழ பெட்டி மாதிரி ஓடுற இரும்புக்கு சில்லுன்னு பேரு, பின் சக்கரத்துக்கு முன்னாடி அது முடியற இடத்துல காந்தத்த வைங்க. ஒட்டலன்னா உள்ள புட்டிதான் (ஓட்டைய அடைக்கிற பசை), இரும்பு போயிடுச்சு. வித்துட்டு போன ஒரு தம்பியோட காடி புது பெயிண்ட்ல பளபளன்னு இருந்தது, காந்தம் ஒரு கை நீளத்துக்கு ஒட்டவே இல்ல. ரெண்டாவது தலைமுறைன்னா முன்னாடி அடில ரெண்டு பக்கமும் போற சட்டத்தையும் டார்ச் அடிச்சி பாக்கணும். சீட்டுக்கு பின்னாடி கார்ப்பெட்ட தூக்கி தொட்டு பாருங்க, ஈரமா இருந்தா மழத்தண்ணி உள்ள வருது.

பூட்ட திறந்து வலது பக்கம் பேட்டரிய பாருங்க. இதுக்கு உண்டானது காத்து வெளிய போற டியூப் வச்ச சீல்டு பேட்டரி. காசு மிச்சம்னு சாதாரண பேட்டரிய வச்சிருந்தா அந்த அமில ஆவில பூட்டு அடித்தகடு அரிச்சிருக்கும்.

இப்ப ஸ்டார்ட் பண்ண சொல்லுங்க. மொத கொஞ்ச நேரம் டிக்டிக்னு கேட்டா பயப்பட வேணாம், ஹைட்ராலிக் டேப்பட் சத்தம், சூடாக ஆக போயிடும். சூடான பிறகும் நிக்கலன்னா கேள்வி கேளுங்க. 1989லேருந்து 1991 ஆரம்பம் வரைக்கும் வந்த 1.6 இன்ஜின்ல கிரேங்க் முனை குட்டையா இருக்கும், அது ஒரு பலவீனம். இன்ஜின் ஓடும்போது முன்னாடி கிரேங்க் முனையில இருக்கிற பெல்ட் சக்கரம் (புல்லி) ஆடுதான்னு பாருங்க, ஆடுச்சுன்னா விட்டுட்டு வந்துடுங்க, விலை பேசவே பேசாதீங்க.

கிளட்ச் பெடல் தொளதொளன்னு இருந்து கியர் விழ அடம் புடிச்சா கீழ இருக்கிற கிளட்ச் சிலிண்டர் ஒழுகுது, மாத்துறது பெரிய செலவில்ல, ஆனா விலைய குறைக்க கேளுங்க. டைமிங் பெல்ட் மாத்தின ரசீது கேளுங்க. 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தடவ மாத்தணும். ரசீது இல்லன்னா மாத்தலன்னுதான் அர்த்தம், வாய் வார்த்தைய கணக்குல எடுக்காதீங்க.

கடைசியா டயர் ஓரத்துல இருக்கிற நாலு இலக்க நம்பர். 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. இந்த காடிங்க கொஞ்சமா ஓடுறதால டயர் பூ தேயாமயே கிழவனாயிடும், பாக்க புதுசு மாதிரி இருக்கும், மழையில வழுக்கி விட்டுடும்.

7. பேப்பர் வேல

கிரான்ல (காடி பதிவு பத்திரம்) இருக்கிற சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டும் காடில இருக்கிறதோட ஒண்ணா இருக்கான்னு நீங்களே கண்ணால பாருங்க. ஹாஃப்கட் இன்ஜின் மாத்தி கிரான்ல பதியாம வச்சிருந்தா புஸ்பகோம்ல (காடி சோதனை நிலையம்) நிக்காது. கலர் மாத்தியிருந்தாலும் அதே கததான், சிவப்பு காடி கிரான்ல வெள்ளைன்னு இருந்தா முதல்ல அத சரி பண்ண சொல்லுங்க, வாங்குறவர் தலையில கட்ட விடாதீங்க.

வரிசை இப்படி: முதல்ல பி5 சோதனை (பேர் மாத்துறதுக்கு புஸ்பகோம்ல செய்யறது), அப்புறம் உங்க பேர்ல இன்சூரன்ஸ், அதுக்கப்புறம்தான் ஜேபிஜேல (சாலை போக்குவரத்து இலாகா) பேர் மாத்தம். விக்கிறவர் பேர்ல சமன் (அபராதம்) பாக்கி நின்னு காடி பிளேக்லிஸ்ட் ஆகியிருந்தா மாத்தம் நடக்காது, அதனால பேர் மாறுற வரைக்கும் முழு காசையும் குடுக்காதீங்க.

8. மொத மாசம்

ஸ்போர்ட் ரிம், எக்ஸோஸ், ஸ்டிக்கர் எதுவும் வேணாம். 5,000 வெள்ளிய இப்ப எடுங்க. டைமிங் பெல்ட், அது கூடவே வாட்டர் பம்ப், ஏன்னா பெல்ட்ட கழட்டினாதான் பம்ப்புக்கே கை போகும், தனித்தனியா செஞ்சா ரெண்டு கூலி. அப்புறம் ரப்பர் ஹோஸ் எல்லாம், கூலண்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், டயர். நம்ம சூட்டுல ஜாம்ல நிக்கும்போது வெடிக்கிறது பழைய ஹோஸ்தான்.

டிண்ட் போடுறதுன்னா ஒண்ணு கவனிங்க. பின் கதவு கண்ணாடிய எவ்வளவு கருப்பாவும் வச்சிக்கலாம், ஆனா ரெண்டு சீட் காடில இருக்கிறதே முன் கதவு மட்டும்தான், அதுக்கு 50 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும், முன் கண்ணாடிக்கு 70. பெரிய காடிக்கு போட்ட மாதிரியே போட்டுட்டு சமன் வாங்கிட்டு வந்தாரு ஒரு தம்பி.

9. கூரை, தண்ணி ஓட்ட

கூரை தண்ணி எல்லாம் ரெண்டு ஓரமா வழிஞ்சி, சீட்டுக்கு பின்னாடி பெல்ட்டு தூண் பக்கத்துல இருக்கிற ஒரு ஓட்ட வழியா உள்ளயே எறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னாடி கீழ வெளிய வரும். அது அடைச்சா தண்ணி கார்ப்பெட்டுக்கும் சில்லுக்குள்ளயும் போகும், மேல சொன்ன துரு எல்லாம் இங்கேருந்துதான் ஆரம்பம்.

கம்பி விட்டு குத்தாதீங்க, உள்ள இருக்கிற குழாய் கிழிஞ்சா அதுக்கப்புறம் வைத்தியமே இல்ல. புல்லு வெட்டுற மெஷின்ல போடுற நைலான் கயிறு நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் இருக்கும், அதுல ஒரு முழம் வெட்டி மெதுவா விட்டு ஆட்டுங்க. அப்புறம் ஒரு குவளை தண்ணிய மெல்ல ஊத்தி, குனிஞ்சி கீழ பாருங்க, ஊத்தினது அப்படியே வெளிய வரணும். ரெண்டு பக்கமும் மாசத்துக்கு ஒரு தடவ. அஞ்சு நிமிஷ வேல, காடிக்கு செய்யற எல்லா வேலையிலயும் இததான் நான் முதல்ல வைப்பேன்.

கூரைய மடக்கும்போது, பிளாஸ்டிக் கண்ணாடி இருந்தா முதல்ல அதோட ஜிப்ப திறந்து கண்ணாடிய படுக்க வைங்க, அப்புறம்தான் கொக்கிய எடுக்கணும். மாத்தி செஞ்சா கண்ணாடில மடிப்பு விழும், வெயில் பட்டு பழசான பிளாஸ்டிக் அந்த மடிப்புலயே கீறிடும். நனைஞ்ச கூரைய மடக்கவே மடக்காதீங்க, ஒரே ராத்திரில பூசணம் வாசன வந்துடும்.

10. எஸ்டேட் ரோடு, லோரி, சாயங்கால மழ

காடிய இறக்காதீங்க. இங்க செம்மண் ரோட்டுல லோரி டயர் ரெண்டு பக்கமும் பள்ளம் பண்ணி நடுவுல மேடு நிக்கும், அந்த மேடுதான் உங்க ஆயில் சட்டிய தட்டும். தெரியாத ரோடுன்னா எறங்கி நடந்து பாருங்க, நான் இன்னும் அப்படித்தான் செய்யறேன். தாமான் (குடியிருப்பு) ரோட்டுல இருக்கிற வேகத்தடைய நேரா ஏத்தாம கொஞ்சம் சாய்வா ஒவ்வொரு சக்கரமா ஏத்துங்க. தூசி ரோட்டுல ஓட்டினா ஏர் ஃபில்டர சர்விஸ் வரைக்கும் காத்திருக்காம திறந்து பாருங்க.

செம்பனை குலை ஏத்தின லோரி பின்னாடி ஒட்டி போகாதீங்க. குலை விழும், திறந்த கூரைக்கு கீழ நீங்க உக்காந்திருக்கீங்க. லோரி டிரைவர் உயரத்துலேருந்து பாத்தா உங்க காடி அவர் கண்ணுக்கு தெரியவே தெரியாது, அதனால பகல்லயும் லைட்ட போட்டுக்கோங்க, அவர் கண்ணாடில உங்களுக்கு அவர் முகம் தெரியுதான்னு பாத்துட்டு தாண்டுங்க.

மழ ஆரம்பிக்கிற மொத பத்து நிமிஷம் ரொம்ப மோசம், ரோட்டுல கெடந்த எண்ணெயும் மண்ணும் சேந்து சறுக்கும். பின் சக்கர இழுப்பு காடில வளைவு நடுவுல பெட்ரோல மிதிச்சா பின்பக்கம் சுத்திடும், பயந்து டக்குன்னு கால எடுத்தாலும் சுத்தும். வளைவுக்கு முன்னாடியே வேகத்த குறைச்சி, உள்ள ஒரே சீரா போயி, நேரான பிறகு மிதிங்க. ஜாலோங் பக்கம் போற ரோட்டுல மழ இல்லாத நாள்ல மெதுவா பழகிக்கோங்க.

11. எல்லாரும் திரும்பி பாக்கும்போது

பாப்பாங்க, கட்டாயம் பாப்பாங்க. பெட்ரோல் போட நிறுத்தினா பத்து நிமிஷம் பேசிட்டுதான் கெளம்ப முடியும், அதுக்கு நேரம் ஒதுக்கி போங்க. பிள்ளைங்க வந்தா உக்கார வச்சி போட்டோ எடுக்க விடுங்க, தோட்டத்து பிள்ளைக்கு அந்த அஞ்சு நிமிஷம் பெரிசு, ஆனா சாவிய எடுத்து பாக்கெட்ல வச்சிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டுட்டு. லைட்ட தூக்கி காட்டுங்கன்னு கேப்பாங்க. ரெண்டு தடவ காட்டுங்க, அந்த மோட்டாருக்கும் வயசாச்சு. ஒரு நாள் தூக்கினது எறங்கலன்னா போனட்டுக்குள்ள லைட்டு மோட்டார் மேல ஒரு குமிழ் இருக்கு, அத கையால திருப்பி இறக்கலாம்.

ஈப்போ ரோட்டுல மோட்டார்சைக்கிள் பசங்க போன தூக்கி வீடியோ எடுத்துட்டே ஒட்டி வருவாங்க. வேகம் எடுக்காதீங்க, கால எடுத்து அவங்கள முன்னாடி விட்டுடுங்க. நீங்க வேகம் எடுத்தா அவனும் எடுப்பான், அவன் ஒரு கையிலதான் ஓட்டிட்டு வர்றான்.

நிறுத்திட்டு போகும்போது காடிக்குள்ள பை, சில்லற, போன் சார்ஜர் ஒண்ணும் தெரியக்கூடாது. அஞ்சு வெள்ளிக்காக துணி கூரைய கத்தியால கீறிடுவாங்க, கூரை மாத்துற செலவ நெனச்சி பாருங்க. ஸ்டியரிங் லாக் போடுங்க, மறைவா ஒரு கட் ஸ்விட்ச் வச்சிக்கோங்க.

12. ஓட்டாம வைக்காதீங்க

ரொம்ப பத்திரமா பாத்துக்கிறவங்க செய்யற தப்பு இது. வாரம் ரெண்டு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டணும். போர்ச்லயே அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துறது ஓட்டுறதுக்கு சமமில்ல, இன்ஜின் முழு சூடு ஏறாம எக்ஸோஸ்ல தண்ணி தேங்கி உள்ளேருந்து அரிக்கும்.

எலி வேற. செம்பனை காட்டுல எலிய புடிக்க எஸ்டேட்காரங்களே ஆந்தைக்கு கூடு கட்டி வைக்கிறாங்க, அந்த அளவுக்கு இருக்கு. நிக்கிற காடிக்குள்ள ஏறி வயர கடிக்கும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள கூடு கட்டும். போர்ச் பக்கத்துல கோழி தீனி, சிதறின செம்பனை பழம் எதுவும் கெடக்க விடாதீங்க, சாப்பாடு இல்லன்னா பாதி எலி வராது. அந்துருண்டைய ஒரு துணில கட்டி இன்ஜின் பக்கத்துல சூடு படாத இடமா பாத்து தொங்க விடுங்க, ஓட்டுறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. ஒரு வாரத்துக்கு மேல வெளியூர் போறதா இருந்தா சாவிய ஃபோர்மேன்கிட்ட குடுத்துட்டு போங்க, கோலகங்சார் வரைக்கும் ஒரு நடை ஓட்டிட்டு வந்து வச்சிடுவாரு.